திருத்தக்கூடிய வீடு: எழுவைதீவில் இருந்து ஒரு கட்டிட வரலாறு

ஊர்காவற்றுறை இறங்குதுறையில் எழுவைதீவுப் படகுக்காகக் காத்திருந்தபோது நாங்கள் முதலில் கண்டது சீமெந்து மூட்டைகளை. பத்துப் பன்னிரண்டு மூட்டை, மேலே படங்கு போர்த்துக் கட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு கட்டுக் கம்பி, இரண்டு யன்னல் நிலை, நாலைந்து கூரைச் சீற். யாரோ வீடு கட்டுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து லொறியில் வந்து இறங்கி, படகில் ஏறி, மறுபடி இறங்கி, தீவுக்குள் லாண்ட்மாஸ்ரரில் ஏறிப் போக வேண்டும். ஒரே மூட்டைக்கு மூன்று தரம் ஏற்றுகூலி, இறக்குகூலி. எழுவைதீவில் ஒரு வீடு கட்டுவதென்றால் யாழ்ப்பாணத்தை விட ஏன் கனக்க முடியும் என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

எழுவைதீவு சின்னத் தீவு. ஒரு காலைப் பொழுதுக்குள் நடந்தே சுற்றி வந்துவிடலாம். நாங்களும் அப்படித்தான் நடந்தோம். பனங்கூடலுக்குள் ஒரு பழைய வீடு நின்றது. கூரை இல்லை. முருகைக்கல் சுவர் முக்கால்வாசி நின்றது. சாந்து கழன்ற இடங்களில் கல்லுக்குள் இருந்த கடற்பூச்சிகளின் கூட்டு வடிவம் கூடத் தெரிந்தது. உள்ளே, வீட்டின் நடுவில், வடலி இரண்டு முளைத்து ஆள் உயரம் வந்திருந்தது. சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்த ஒரு அப்பு எங்களைப் பார்த்து நின்றார். "இதை இனித் திருத்தேலாதோ அப்பு?" என்று கேட்டோம். "கல்லு கிடக்குத்தானே பிள்ளையள். திருத்தத் தெரிஞ்ச ஆக்கள்தான் இல்லை" என்றார்.

இந்தக் கட்டுரை அந்தப் பதிலைப் பற்றியது. மரபுக் கட்டிடக்கலை என்றால் எங்களுக்கு நினைவு வருவது நாற்சார் வீட்டின் படம்: நடுவில் முற்றம், சுற்றித் தூண், சிவப்பு ஓடு. பாதுகாப்பது என்றால் அந்தப் படத்தைப் பாதுகாப்பது என்று நினைக்கிறோம். ஆனால் தீவகத்தின் கட்டிட வரலாற்றைக் கொஞ்சம் கிண்டிப் பார்த்தால், பழைய வீட்டின் பெறுமதி அதன் வடிவத்தை விட வேறொன்றில் இருந்தது தெரிகிறது. அது பழுதானால், ஊருக்குள் கிடைக்கிற பொருளைக் கொண்டு, ஊருக்குள் இருக்கிற கைகளாலேயே திருத்தலாம். தொலைந்தது அதுதான். எப்படித் தொலைந்தது என்று பார்ப்போம்.

பனையும் கல்லும் காற்றும்

தீவில் வீட்டுக்கு என்ன கிடைக்கும்? பனை, கல், சுண்ணாம்பு, கொஞ்சம் மண். அவ்வளவுதான். பனையின் வெளிப்பக்கம் கறுத்த வைரம், உள்பக்கம் சோறு. உள்ளைக் கழித்து வைரத்தைப் பிளந்தால் வளை, கைமரம், சலாகை எல்லாம் வரும். ஓலை கூரைக்கு, காவோலை அடுப்புக்கு, மட்டை வேலிக்கு, நார் கட்டுவதற்கு. ஆணி குறைந்த கூரை அது. கட்டி வைத்தது, ஆகவே அவிழ்த்து மாற்றலாம். ஒரு கைமரம் உழுத்தால் அந்த ஒன்றை மட்டும் கழற்றினால் போதும்.

முருகைக்கல் என்பது பவளப்பாறைக் கல். பாரம் குறைவு, வெட்டச் சுகம். அதையே சூளையில் சுட்டால் சுண்ணாம்பு. சுவரும் அதுவே, சுவரைப் பிடிக்கிற சாந்தும் அதுவே. நெடுந்தீவில் இன்றைக்கும் வேலிக்குப் பதிலாக இந்தக் கல்லைச் சாந்து இல்லாமல் அடுக்கிய மதில்கள் ஒழுங்கை ஒழுங்கையாக நிற்கின்றன. சாந்து இல்லாததால் விழுந்த கல்லைத் தூக்கி மறுபடி அடுக்கலாம். அதுக்கு மேசன் தேவையில்லை.

வீட்டின் அமைப்பு காற்றைப் பார்த்து வந்தது. தீவில் பிறந்த ஆட்களுக்குக் காற்றுக்கு ஒவ்வொரு பெயர் இருக்கிறது: சோளகம், வாடை, கச்சான், கொண்டல். சோளகம் மாதக்கணக்கில் புழுதியும் உப்பும் கொண்டு அடிக்கும். வாடை மழையோடு வரும். அதனால் கூரையின் தாழ்வாரத்தைக் குனிந்து போகிற அளவுக்கு இறக்கினார்கள். வெயில் சுவரில் படாது, மழைச்சாரல் மண்சுவரைக் கரைக்காது. தடித்த சுவர் பகல் வெக்கையை மெதுவாகத்தான் உள்ளே விடும். அடுப்படி தனியாக, தள்ளி இருக்கும். நெருப்புப் பிடித்தால் கூரை எல்லாம் ஓலை என்பது ஒரு காரணம், புகை இன்னொரு காரணம்.

இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருக்கா ஓலை மாற்ற வேண்டும். வீடு மேய்கிற நாள் என்றால் அது அயலட்டை கூடுகிற நாள். சமைத்துக் கொடுக்க வேண்டும், மற்ற வீட்டுக்காரன் மேயும்போது நாங்களும் போக வேண்டும். இதைக் கேட்கச் சந்தோசமாக இருக்கும். ஆனால் அதன் கணக்கையும் சொல்ல வேண்டும்: கிடுகு பின்னியது, சாணி மெழுகியது, சுவர் பூசியது, வந்தவர்களுக்குச் சமைத்தது எல்லாம் பெரும்பாலும் பெண்கள். "அந்தக் காலத்து வீடு குளிர்மை" என்று அப்பு சொல்லும்போது ஆச்சி பேசாமல் இருந்தால், ஆச்சியின் முதுகு நினைப்பில் வைத்திருப்பது வேறு.

வீட்டுக்குள் வந்த சொற்கள்

எங்கட வீட்டைச் சுற்றி ஒருக்கா நடந்து பாருங்கள். விறாந்தை, யன்னல், குசினி, அலுமாரி, மேசை, கதிரை, வாங்கு. எல்லாம் போர்த்துக்கேயச் சொற்கள். 1619இல் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயர் கைக்குப் போனது, 1658இல் ஒல்லாந்தர் வந்தார்கள், 1795இல் ஆங்கிலேயர். ஆட்சி மாறிய ஒவ்வொரு தரமும் வீட்டுக்குள் ஏதோ ஒன்று வந்து சேர்ந்தது. "தூய" யாழ்ப்பாண வீடு என்று ஒன்றைத் தேடிப் போனால், அதன் யன்னலிலேயே அந்தத் தேடல் முடிந்துவிடும்.

ஆனால் அந்தக் காலத்தில் வெளியில் இருந்து வந்தது பெரும்பாலும் வடிவமும் வேலைமுறையும். பொருள் இங்குள்ளதுதான். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவில் கடலுக்குள் நிற்கிற கடற்கோட்டையைப் படகில் போகும்போது காணலாம். போர்த்துக்கேயர் தொடங்கியது, ஒல்லாந்தர் எடுத்தது, "ஹம்மன்ஹீல்" என்று பெயர் வைத்தது. இலங்கைத் தீவு பன்றித்தொடை இறைச்சி போலத் தெரிகிறது, இது அதன் குதிகால் என்பது அந்தப் பெயரின் பொருள். பெயர் எவ்வளவு அந்நியமோ, கல் அவ்வளவு உள்ளூர். யாழ்ப்பாணக் கோட்டையும் முருகைக்கல்லால் எழுந்ததுதான். எங்கட பனையோ இங்கிருந்து ஏற்றுமதியாகப் போனது; ஒல்லாந்தர் காலத்தில் பனைமரம் நல்ல வியாபாரப் பொருள்.

பொருள் வெளியில் இருந்து வரத் தொடங்கியது பிறகு. 1865இல் பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பின், இந்து சமுத்திரக் கரையெல்லாம் அந்த மாதிரித் தட்டை ஓடு பரவியது. யாழ்ப்பாணத்தில் வசதியான வீடுகளின் தலையில் அது ஏறியது. ஓட்டை ஊருக்குள் செய்ய முடியாது. ஆனால் உடைந்த ஒன்றைக் கழற்றி இன்னொன்றைச் செருகலாம். திருத்தம் இன்னும் கையில் இருந்தது. அடுத்தது சீமெந்து. 1950இல் காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை வந்தது. யாழ்ப்பாணச் சுண்ணக்கல்லை அரைத்துச் செய்த சீமெந்து, யாழ்ப்பாணத்தவர்க்கு வேலை கொடுத்த தொழிற்சாலை. ஆகவே சீமெந்து என்றால் ஏதோ வெளியார் சதி என்று எழுதுவது வரலாறு இல்லை. எங்கட அம்மம்மாமாருக்கு அது முன்னேற்றத்தின் மணம்.

யாருடைய மரபு?

இந்த இடத்தில் ஒரு கேள்வியைக் கேட்காமல் போனால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். நாற்சார் வீடு யாருடைய வீடு?

யாழ்ப்பாணத்து வீடு சாதியின் வரைபடமும் கூட. யார் படலையோடு நிற்க வேண்டும், யார் முற்றம் வரைக்கும் வரலாம், யார் திண்ணையில் இருக்கலாம், யார் உள்ளே வரலாம் என்பதெல்லாம் கட்டிடத்திலேயே எழுதியிருந்தது. கிணறும் அப்படித்தான். ஒடுக்கப்பட்ட மக்கள் கல்வீடு கட்டுவதற்கும் ஓடு போடுவதற்கும் கூடத் தடைகள் இருந்ததை எங்கட ஊர்களில் வயதானவர்கள் இன்னும் சொல்வார்கள். தீண்டாமையைக் குற்றமாக்கும் சட்டம் 1957இல் வந்தது. அதற்குப் பிறகும் 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் போராட வேண்டி இருந்தது. ஓலைக் கொட்டிலில் விருப்பத்தோடு இருந்தவர்களும் உண்டு, வேறு எதையும் கட்ட விடாததால் இருந்தவர்களும் உண்டு. இரண்டாவது ஆட்களுக்குச் சீமெந்தும் ஓடும் ஒரு விடுதலை. "ஓலைதான் குளிர்மை, ஓலையிலேயே இருங்கோ" என்று அவர்களுக்குச் சொல்ல எங்களுக்கு வாய் வரக்கூடாது.

எகிப்தில் இதற்கு ஒரு பிரபலமான பாடம் இருக்கிறது. 1940களில் ஹசன் ஃபாத்தி என்ற கட்டிடக் கலைஞர் லக்சருக்குப் பக்கத்தில் புதிய குர்னா என்ற கிராமத்தை மண்கல்லால், வளைவுக் கூரையோடு, மிக அழகாகக் கட்டினார். உலகம் முழுக்கப் பாராட்டியது. ஆனால் யாருக்காகக் கட்டினாரோ அந்தக் கிராமத்து மக்களில் பெரும்பாலானோர் அங்கே குடிபோக மறுத்தார்கள். நல்ல வீடு எது என்று இருக்கப் போகிறவர்களிடம் கேட்காமல் முடிவெடுத்தால், மண்வீடு கூட மேலிருந்து வந்த கட்டளையாகிவிடும்.

வெறும் வீடுகள்

1990, 1991 இராணுவ நடவடிக்கைகளோடு தீவகத்துச் சனம் இடம்பெயர்ந்தது. வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறை என்று ஊர் ஊராக வீடுகள் வெறுமையாகின. ஓடு கழற்றப்பட்டது, கதவு நிலை கழற்றப்பட்டது, வளையும் மரமும் போனது. முருகைக்கல் சுவரின் எதிரி மழைதான். கூரை போனால் சுண்ணாம்புச் சாந்து ஊறும், வேர் உள்ளே போகும், ஆலும் அரசும் பிளக்கும். குடாநாட்டின் பனைகளோ பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் தறிக்கப்பட்டன, எறிகணையில் தலை இழந்தன. வைரம் ஏறிய பனைக்குப் பல பத்து வருடம் வேண்டும். ஒரு போரில் போன கூரைமரம் ஒரு தலைமுறையில் திரும்பி வராது.

1990இலேயே காங்கேசன்துறைத் தொழிற்சாலையும் நின்றது. பொருளாதாரத் தடையால் குடாநாட்டுக்குள் சீமெந்து வருவது தடைப்பட்டது. அந்த வருடங்களில் மண்ணும் களியும் ஓலையும் மறுபடி கைக்கு வந்ததை எங்கட அம்மாமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். வேறு வழி இல்லாமல் செய்ததுதான். ஆனாலும் அன்று செய்யத் தெரிந்த ஆட்கள் இருந்தார்கள் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

திரும்பி வந்தபோது

போருக்குப் பிறகு வீட்டுத்திட்டங்கள் வந்தன. 2010இல் அறிவிக்கப்பட்ட இந்திய வீட்டுத்திட்டம் 50,000 வீடுகள். உரிமையாளரே கட்டுகிற முறையில் ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபாய். குறைகள் சொல்லலாம். காசு காணாமல் கடன்பட்டவர்கள் இருக்கிறார்கள், ஒரே அச்சில் வார்த்த வீடுகள் என்றும் சொல்லலாம். ஆனால் அதில் ஒரு நல்ல விஷயம் இருந்தது: வீட்டுக்காரர் மேசனைப் பிடித்தார், கல் அரிந்தார், பக்கத்தில் நின்று பார்த்தார். பிறகு ஒரு அறையைக் கூட்டிக் கட்டவும் முடிந்தது.

இதற்கு நேரெதிரானது 2015, 2016இல் வந்த இரும்பு வீட்டுத்திட்டம். வடக்குக் கிழக்குக்கு 65,000 முன்செய்த உருக்கு வீடுகள். ஆர்சலர் மிட்டல் நிறுவனம். ஒரு வீட்டுக்கு 20 இலட்சம் ரூபாய்க்கு மேல். மாதிரி வீடு யாழ்ப்பாணத்தில் வைத்துக் காட்டினார்கள். பொறியியலாளர்களும் பொருளியலாளர்களும் ஊர்ச் சனமும் கேட்ட கேள்விகள் சாதாரணமானவை. இந்த வெயிலுக்கு உள்ளே எப்படி இருக்கும்? விறகு அடுப்பு எங்கே வைப்பது? உப்புக் காற்றில் இரும்பு எத்தனை வருடம் நிற்கும்? பழுதானால் யார் திருத்துவது? இதே காசில் எத்தனை கல்வீடு கட்டலாம், அந்தக் கூலி எங்கட மேசன்மாருக்கு வராதா? அந்த 65,000 வீடுகள் கடைசியில் வரவில்லை.

இதை நாங்கள் கட்டிடக்கலை வரலாற்றில் ஒரு முக்கிய இடமாகப் பார்க்கிறோம். அந்தக் கேள்விகளைக் கேட்டவர்கள் "மரபைக் காப்போம்" என்று பதாகை பிடிக்கவில்லை. ஆனால் கேட்டது மரபின் கேள்விகளைத்தான்: வெக்கை, அடுப்பு, உப்பு, திருத்தம், கூலி.

அப்ப முருகைக்கல்லுக்குத் திரும்புவமோ?

முடியாது. திரும்பவும் கூடாது. 1981இன் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 1988இல் வந்த திருத்தம், கரையோர வலயத்தில் பவளம் அகழ்வதையும் சுண்ணாம்புச் சூளை நடத்துவதையும் தடைசெய்தது. காரணம் சரியானது. பவளப்பாறை உயிருள்ள சுவர். அலையை அது உடைக்கிறது. 2004 சுனாமியில் தென்மேற்குக் கரையில், பவளம் அகழ்ந்து வெளியாக்கிய இடங்களில் கடல் கூடுதலாக உள்ளே வந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். பெரலியவில் ரயிலையே அடித்துப் போனது அந்தக் கரையில்தான். எழுவைதீவு மாதிரி ஒரு தட்டைத் தீவில் வீட்டுக்காகப் பாறையை அகழ்வது, வீட்டுக்கு முன்னால் நிற்கிற மதிலை உடைத்துச் சுவர் கட்டுகிற வேலை.

ஆக, பழைய பொருள் சட்டப்படியும் சூழல்படியும் முடிந்துவிட்டது. புதிய பொருளும் தீவுக்குச் சுகமாகப் பொருந்தவில்லை. கொங்கிறீற்றுக்குள் இருக்கிற கம்பிக்கு உப்பு எமன். கடல் மணல், உவர்த் தண்ணீர் கலந்து போட்ட கொங்கிறீற்றில் கம்பி கறள் பிடித்து ஊதும், மேலிருக்கிற சாந்தைப் பிளந்து தள்ளும். கடற்கரையில் விழும்பு உடைந்து கம்பி வெளியே தெரிகிற வீடுகளை எல்லாரும் கண்டிருப்போம். அதைத் திருத்த மறுபடி படகில் சீமெந்து வர வேண்டும். உலகம் வெளியிடுகிற காபனீரொட்சைட்டில் ஏறத்தாழ 8 வீதம் சீமெந்தில் இருந்து வருகிறது. அந்தச் சூட்டில் ஏறுகிற கடல்மட்டத்தை முதலில் காணப் போகிறதும் எழுவைதீவு மாதிரி இடங்கள்தான்.

இடையில் என்ன செய்யலாம்? விழுந்து கிடக்கிற கல் புதிதாக அகழ்ந்த கல் இல்லை. யாழ்ப்பாணக் கோட்டைத் திருத்த வேலையிலும் இடிபாட்டுக் கல்லைப் பொறுக்கி மறுபடி வைத்தார்கள். உரிமையாளரின் சம்மதத்தோடு பழைய வீட்டுக் கல்லை அதே தீவில் மறுபடி பாவிக்கலாம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, மட்டக்களப்பில் ஒரு வீட்டுத்திட்டம் அழுத்திய மண்கல்லால் வீடுகள் கட்டியது. சூளையும் விறகும் தேவைப்படவில்லை. சீமெந்து வீடே என்றாலும் தாழ்வாரத்தை இரண்டடி நீட்டலாம், சோளகத்தைப் பார்த்து யன்னலை வைக்கலாம், சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கலாம், கூரை மழையைத் தொட்டிக்கு விடலாம். இதில் எதற்கும் அருங்காட்சியக மனநிலை தேவையில்லை.

கரண்டையும் சேர்த்து யோசிக்க வேண்டும். எழுவைதீவில் காற்றாடி, சூரியத்தகடு, மின்கலம், டீசல் எல்லாம் சேர்ந்த கலப்பு மின்திட்டம் ஒன்று ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு வந்தது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கான இதே மாதிரித் திட்டத்துக்கு இந்தியாவின் 11 மில்லியன் டொலர் நன்கொடையில் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கையெழுத்தானது. இது சின்ன வலையமைப்பு. கரண்ட் எண்ணிச் செலவழிக்க வேண்டிய பொருள். வெக்கையைச் சேர்த்து வைக்கிற ஒரு வீட்டில் இரவு முழுக்க மின்விசிறி ஓட வேண்டும், அது மின்கலத்தில் இருந்து போகும். காற்றோட்டமான வீடு கட்டினால் அந்த மின்கலம் மற்ற வீட்டுக்கும் காணும். கூரை எப்படி இருக்கிறது என்பதும் மின்சாரக் கொள்கைதான்.

எதைக் காப்பது?

கொழும்பில் 1960களின் தொடக்கத்தில் ஜெப்ரி பாவா கட்டிய எனா டி சில்வாவின் வீடு முற்றத்து வீட்டுக்குப் புது உயிர் கொடுத்தது. நிலம் கை மாறியபோது அந்த வீட்டைப் பகுதி பகுதியாகக் கழற்றி, இலக்கமிட்டு, பெந்தோட்டைக்குக் கொண்டுபோய் லுணுகங்கவில் மறுபடி கட்டினார்கள். நல்ல வேலை. ஆனால் எழுவைதீவில் வடலி முளைத்து நிற்கிற அந்த வீட்டுக்கு யாரும் இலக்கம் போட வரப்போவதில்லை. கோட்டைக்கும் புறாக்கூட்டுக்கும் தொல்லியல் பலகை உண்டு. அடுப்படிக்கு இல்லை. இன்றைக்கு நாற்சார் முற்றம் விடுதிகளின் முன்முகமாகத் திரும்பி வருகிறது; பின்னால் குளிரூட்டி ஓடுகிறது. அது மரபின் படம் மட்டும்.

எங்களால் முடிந்த வேலை வேறு. நாங்கள் கலைப்பீட மாணவர்கள். கல்லு வைக்கத் தெரியாது, ஆனால் கேட்டு எழுதத் தெரியும். அதனால் அன்று பின்னேரம் அப்புவோடு இருந்து ஒரு பட்டியல் எழுதினோம். கூரையின் ஒவ்வொரு மரத்துக்கும் என்ன பெயர், எந்தப் பனை தறிக்கலாம் என்று எப்படிப் பார்ப்பது, சுண்ணாம்பை எத்தனை நாள் ஊற வைப்பது, சோளகத்துக்கு எந்தப் பக்கம் வாசல் வைக்கக்கூடாது. இரண்டரைப் பக்கம் வந்தது. சில சொற்கள் எங்கள் யாருக்கும் தெரியாதவை. ஒரு சொல்லுக்கு அவரே யோசித்து, பக்கத்து வீட்டு ஆச்சியைக் கூப்பிட்டுக் கேட்டார். ஆச்சி சொல்லிவிட்டு, "மெழுகினது ஆரெண்டும் எழுதுங்கோ" என்றா. எழுதினோம்.

இதை வாசிக்கிற உங்கள் ஊரிலும் கூரை மேய்ந்த ஒருவர், கிடுகு பின்னிய ஒருவர், சுண்ணாம்பு அரைத்த ஒருவர் இருப்பார். அவருக்கு எழுபது எண்பது வயது இருக்கும். ஒரு கொப்பியோடு போய் இருங்கள். அரும்பொருளாக வைக்க இல்லை. நாளைக்கு எங்கட வீட்டை நாங்களே திருத்துவதற்கு.

கடைசிப் படகுக்கு இறங்குதுறைக்கு வந்தபோது காலையில் கண்ட சீமெந்து மூட்டைகள் கரையில் இறக்கி இருந்தன. ஒரு மூட்டை ஈரம் பட்டிருந்தது. அதை என்ன செய்வது என்று இரண்டு பேர் கதைத்துக்கொண்டு நின்றார்கள்.